கட்டு யாருக்கு? படியாள் முதல் ஒப்பந்தத் தொழிலாளி வரை



எல். இளையபெருமாள் அவர்களின் நினைவைப் போற்றும் இந்தக் கூட்டத்தில் பேச அழைத்தமைக்கு நன்றி. காட்டுமன்னார்கோயிலில் பிறந்து, 1952இல் முதல் மக்களவைக்குச் சென்றவர் அவர். தீண்டாமை குறித்தும் பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி நிலை குறித்தும் ஆராய 1965இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1969இல் அந்த அறிக்கையை நாட்டின் முன் வைத்தார். கோயிலில் பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஒரு வேலை பிறப்பினால் ஒருவருக்கே நிரந்தரமாக இருக்கக் கூடாது என்றார் அவர். இன்று நான் பேசப்போவது வேலை நிரந்தரம் வேண்டும் என்பதைப் பற்றி. இரண்டும் முரண் போலத் தோன்றும். முரண் இல்லை என்பதை இந்த உரை முடிவதற்குள் காட்ட முயல்கிறேன்.

சேத்தியாத்தோப்பில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளாற்றின் அணைக்கட்டும், பக்கத்தில் வீராணம் ஏரியும் இதை நெல் பூமியாக்கின. எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை கரும்பைக் கொண்டுவந்தது. வடக்கே நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கம் ஆண்டுக்கு ஆண்டு நம் வயல்களை நோக்கி நகர்கிறது. விடியற்காலையில் சேரித் தெருமுனையில் நின்று பாருங்கள். சுரங்கத்துக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளி டிபன் கேரியரோடு நிற்பார். கரும்பு வெட்டப் போகிறவர் அரிவாளோடு நிற்பார். நடவுக்குப் போகும் பெண்கள் நிற்பார்கள். பைக்கில் பொட்டலம் கொண்டு செல்லும் பையன் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்பான். நால்வரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "உனக்கு வேலை கொடுக்கிறவர் யார்?" ஒருவருக்கும் பதில் நேராக வராது. அந்தப் பதில் எப்படி மறைந்தது என்பதுதான் இன்றைய வரலாறு.

படியாள்

நம் தாத்தாக்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். ஆண்டை யார் என்பதில் படியாளுக்குக் குழப்பமே இல்லை. படியால் அளந்த தானியத்தைக் கூலியாகப் பெற்றதால் அவன் படியாள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய முன்பணம் தீராத வரை வேறு களத்தில் கால் வைக்க முடியாது. தீராத கடன் மகன் தலையில் ஏறும். 1843இல் ஆங்கில அரசு அடிமை முறைக்குச் சட்ட ஆதரவு கிடையாது என்று அறிவித்தது. அடிமையை விற்கும் பத்திரம் செல்லாது என்றானது. கடன் பத்திரம் மட்டும் செல்லுபடியானது. பழைய உறவு கடன் என்ற புதிய பெயரில் தொடர்ந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வருவதற்கு 1976 வரை ஆயிற்று.

படியாளுக்கு வேலை நிச்சயம் என்று சிலர் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். வெட்டியானுக்கும் தோட்டிக்கும்கூட வேலை நிச்சயம்தான். பிணம் எரிக்கவும் செத்த மாட்டைத் தூக்கவும் தலைமுறை தலைமுறையாக அவர்களை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. நீங்கிப் போகவும் விடவில்லை. எனவே நிரந்தரம் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மகிழ முடியாது. அந்த நிரந்தரம் யாரைக் கட்டுகிறது என்று கேட்க வேண்டும். படியாள் முறை வேலை செய்பவனைக் கட்டிப்போட்டது, வேலை வாங்குபவனைக் கட்டவில்லை. மழை பொய்த்த வருடம் ஆண்டை களத்தைப் பூட்டினால் கேட்க நாதி இல்லை.

ஒப்பந்தம் என்ற சொல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மக்கள் கப்பலேறினார்கள். மொரிசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், 1879 முதல் பிஜிக்கும் போனவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்றே வரலாறு குறிக்கிறது. தாளில் எழுதிய ஒப்பந்தம் என்பதால் ஆண்டையின் வாய்ச்சொல்லைவிட மேலானது என்று நம்பிப் போனவர்கள் உண்டு. ஒப்பந்தத்தை முறித்தால் தோட்ட முதலாளி பெரும்பாலும் பணம்தான் கட்ட வேண்டியிருந்தது. கூலி முறித்தால் சிறை.

உள்நாட்டிலும் அதுவே சட்டம். 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் அவனைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. கூலி கொடுக்காத முதலாளியைச் சிறைக்கு அனுப்ப அதில் பிரிவு இல்லை. அது 1925இல்தான் நீக்கப்பட்டது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள் சேர்த்தவர் கங்காணி. இலங்கையில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. கூலியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதித் தரும் சீட்டு அது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் அது ஒழிக்கப்பட்டது. தோட்டத்துக்கும் கூலிக்கும் நடுவே நின்ற கங்காணியை மட்டும் நினைவில் வையுங்கள். அவரை மறுபடியும் நெய்வேலி வாசலில் பார்க்கப்போகிறோம்.

அம்பேத்கர் திறந்த கதவு

இந்தக் கட்டைத் திருப்பிப் போட்டவர்களில் முதன்மையானவர் அண்ணல் அம்பேத்கர். 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் கூடிய ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளியின் இரு பகைகள் என்றார். பம்பாய் பஞ்சாலைகளில் நூல் அறுந்தால் வாயில் வைத்து முடிச்சுப் போட வேண்டும். அதனால் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சக தொழிலாளர்களே விடவில்லை. தொழிற்சங்கம் பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கும் மசோதா வந்தபோது அவர் வைத்த வாதம் நமக்கு மிக முக்கியம். வேலை செய்ய மறுப்பதைக் குற்றமாக்கித் தண்டிப்பது தொழிலாளியை அடிமையாக்குவதாகும் என்றார். 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆவிக்கு எதிரான வாதம் அது. வேலையை விட்டுப் போகும் உரிமையும் வேலை நிலைக்கும் உரிமையும் அவருக்கு எதிரெதிரானவை அல்ல. இரண்டும் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டு சுரங்கத் தொழிலாளர் நல நிதி வந்தது. 1946இல் ஆலைத் தொழிலாளரின் வார வேலை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. இவற்றுக்கு நடுவே, 1943இல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8⅓ விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. எட்டு மணி நேர வேலையும் இடஒதுக்கீடும் ஒரே காலத்தில், ஒரே மனிதரின் முயற்சியில் வந்தவை. நாம் பின்னாளில் ஒன்றைத் தொழிற்சங்கத்துக்கும் மற்றொன்றைச் சாதி இயக்கத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டோம். அதன் விலையை நெய்வேலியில் கொடுத்தோம்.

நெய்வேலி

1934இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. 1962இல் சோவியத் உதவியோடு அனல் மின் நிலையம் இயங்கியது. இந்தக் கதையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

பாடத்தில் இல்லாத இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, நிரந்தர வேலை சேரிக்கு என்ன செய்தது என்பது. சம்பளம் ஒரு பகுதிதான். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்று தெரிந்தவன் ஆண்டையின் களத்தில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பறை அடிக்க வா என்றால் வரமாட்டேன் என்று சொல்லலாம். பெண் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாம். ஊர் கூடிக் கடையை அடைத்தாலும், வேலைக்கு ஆள் எடுக்காதே என்று தடை போட்டாலும், அவன் வீட்டில் அடுப்பு எரியும். நீக்க வேண்டுமானால் குற்றப்பத்திரிகை கொடுக்க வேண்டும், விசாரிக்க வேண்டும். நம் மக்களுக்கு வேலைப் பாதுகாப்பு என்பது முதலில் ஊருக்கு எதிரான பாதுகாப்பு. முதல்முறையாகக் கட்டு வேலை வாங்குபவரின் கையில் விழுந்தது. தொழிலாளி விரும்பினால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். நிர்வாகம் விரும்பியபடி அனுப்ப முடியாது.

இரண்டு, நிலம் போனபோது யார் இழந்தார்கள் என்ற கணக்கு. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவரைத்தான் பார்த்தது. பட்டா வைத்திருந்தவர் பெயர் பதிவேட்டில் ஏறியது. அதே வயலில் மூன்று தலைமுறை சேற்றில் நின்றவர் எதையும் இழக்காதவர் ஆனார். நிலம் கொடுத்தோருக்கு வேலை என்ற முழக்கத்தில் நிலமே இல்லாதவருக்கு இடம் எங்கே? கூலித் தொழிலாளியும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று ஒரு சட்டம் எழுத 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாசலில் கங்காணி

1970இல் நாடாளுமன்றம் ஒப்பந்தத் தொழிலாளர் (முறைப்படுத்துதல் மற்றும் ஒழித்தல்) சட்டத்தைக் கொண்டுவந்தது. பெயரிலேயே ஒழித்தல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை, அந்தத் தொழிலுக்கு இன்றியமையாத வேலை என்றால் அரசு அதில் ஒப்பந்த முறையைத் தடை செய்யலாம் என்றது பத்தாம் பிரிவு. தடை செய்தபின் அந்தத் தொழிலாளி என்ன ஆவார் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் அடுத்த ஐம்பது ஆண்டும் ஓடியது.

நடைமுறை நமக்குத் தெரிந்ததே. சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் நிரந்தரத் தொழிலாளி செய்யும் வேலைக்குப் பக்கத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளி நிற்பார். சாம்பல் அள்ளுவது, கன்வேயரின் கீழே சிந்திய நிலக்கரியை வாருவது, பராமரிப்பு என்று ஆண்டு முழுவதும் வேலை. டெண்டர் முடிந்து கான்ட்ராக்ட்காரர் மாறுவார். தொழிலாளி மாறமாட்டார். ஆனால் தாளில் அவருடைய சேவை மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கும். இருபது ஆண்டு வேலை செய்தவர் பதிவேட்டில் புது ஆளாக இருப்பார்.

தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று 1981இல் வந்தது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி என்பது அதன் சாரம். இதுபோன்ற சட்டத்தின் உயிர் நாட்கணக்கில் இருக்கிறது. எனவே நாளை உடைத்தால் போதும், சட்டத்தை உடைக்க வேண்டியதில்லை.

நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட அந்தப் பெருங்கூட்டம் 2008 முதல் தொடர்ந்து போராடியது. 2010இலும் 2012இலும் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. வயலில் கூலிக்குப் போய் அரிசி வாங்கிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்களை நீங்கள் அறிவீர்கள். இந்தப் போராட்டங்களால் சிலர் கூட்டுறவு சொசைட்டியில் சேர்க்கப்பட்டு, பணிமூப்புப்படி நிரந்தரம் ஆகும் வழி பிறந்தது. அது சிறிய வெற்றி அல்ல. அந்த வரிசையில் நின்றே ஓய்வு வயதை எட்டியவர்களும் உண்டு.

2014 மார்ச் 17 அன்று இரண்டாம் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரரின் துப்பாக்கிக்குப் பலியானார். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல் மின் நிலையத்தின் கொதிகலன் வெடித்தது. அன்றே 6 பேர் இறந்தார்கள், அடுத்த நாட்களில் மருத்துவமனையில் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. பலியானவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். கொதிகலனுக்கு நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடு தெரியாது. அது தெரிவது சம்பளப் பதிவேட்டுக்கு மட்டும்தான்.

இடஒதுக்கீடு என்ன ஆனது?

இங்கே செயல்பாட்டாளர்கள் இருக்கிறீர்கள். இதைக் கவனமாகக் கேளுங்கள்.

இடஒதுக்கீடு பணியிடத்தோடு பிறந்தது. பணியிடம் இருந்தால் சுழற்சிப் பட்டியல் இருக்கும், நிரப்பாத இடம் பின்னடைவு என்று கணக்கில் வரும், கேள்வி கேட்கலாம். டெண்டரில் பணியிடம் இல்லை. இத்தனை கன மீட்டர் மண், இத்தனை டன் சாம்பல் என்று வேலை மட்டும் இருக்கிறது. டன்னுக்கு இடஒதுக்கீடு கிடையாது. இடஒதுக்கீட்டை ஒழிக்கும் சட்டத்தை எந்த அரசும் கொண்டுவர வேண்டியதில்லை. பணியிடத்தை டெண்டராக மாற்றினால் போதும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. நிரந்தரப் பணியில் ஒதுக்கீட்டை அமல்படுத்தத் தயங்கும் இடங்களில், ஒப்பந்தப் பணியின் அடித்தட்டில் தலித்துகளைத் தேட வேண்டியதே இல்லை. குப்பை, கழிவுநீர், சாம்பல் எங்கிருக்கிறதோ அங்கே நாம் இருக்கிறோம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை நினைத்துப் பாருங்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போனதை எதிர்த்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். தெரு பெருக்கும் வேலையைச் சாதி அவர்களுக்கு நிரந்தரமாக்கியது. அந்த வேலையில் நிரந்தரம் கேட்டால் மட்டும் மறுக்கப்படுகிறது.

நீதிமன்றம் போன வழி

1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டால் தொழிலாளி முதன்மை நிறுவனத்தின் ஊழியராகத் தானே ஆகிவிடுவார் என்றது. 2001 ஆகஸ்டில் உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தானாக ஆக முடியாது, ஒப்பந்தமே போலி என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டும் என்றது. 2006இல் உமாதேவி வழக்கில், முறையான தேர்வு இல்லாமல் அரசுப் பணியில் வந்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. பின்வாசல் நியமனத்தைத் தடுக்க எழுதிய தீர்ப்பு, முன்வாசலைத் திறக்காத நிர்வாகங்களுக்குக் கேடயம் ஆயிற்று. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் துப்புரவு, தோட்ட வேலை செய்தவர்களை முறைப்படுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றம், உமாதேவி தீர்ப்பை இப்படிப் பயன்படுத்துவதைக் கண்டித்தது. மாணவர்கள் இந்த நான்கு தீர்ப்புகளையும் வரிசையாகப் படிக்க வேண்டும்.

சுதந்திரத் தொழிலாளி

இப்போது புதிதாக ஒரு குரல் கேட்கிறது. நிரந்தர வேலை பழைய காலத்துக் கனவு, இனி யாருக்கும் கீழே வேலை செய்ய வேண்டாம், உன் நேரத்துக்கு நீயே எஜமான் என்கிறது அது. ஃப்ரீலான்ஸ், கிக் என்று பெயர்கள். நம் பிள்ளைகளுக்கு இதில் ஓர் ஈர்ப்பு இருப்பதை நான் புரிந்துகொள்கிறேன். மேலதிகாரி சாதி கேட்கமாட்டார், பெயரை வைத்து எடை போடமாட்டார் என்ற நம்பிக்கை அது. ஆண்டையின் முகத்தையே பார்க்காமல் சம்பாதிப்பது நம் தாத்தா கனவிலும் காணாதது.

ஆனால் சேத்தியாத்தோப்புக்காரர்களுக்கு இது புதிதல்ல. கரும்பு வெட்டுகிறவர் எப்போதோ சுதந்திரத் தொழிலாளி ஆகிவிட்டார். ஆலை வெட்டு உத்தரவு கொடுக்கும். விவசாயி வெட்டுக்கூலி கொடுப்பார். மேஸ்திரி ஆட்களைக் கூட்டி வருவார். டன்னுக்கு இவ்வளவு. மழை பெய்தால் கூலி இல்லை. காலை வெட்டிக்கொண்டால் யார் பொறுப்பு? ஆலை விவசாயியைக் காட்டும், விவசாயி மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரியோ முன்பணக் கணக்கைக் காட்டுவார். மூன்று பேர் வேலை வாங்குகிறார்கள், ஒருவரும் முதலாளி இல்லை. கைப்பேசிச் செயலி செய்வதும் இதைத்தான். மேஸ்திரிக்கு முகமாவது இருந்தது.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கிக் தொழிலாளியை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்று வரையறுக்கிறது. நல நிதி உண்டு, முதலாளி இல்லை. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களுக்கு நல வாரியம் அமைந்தது நல்லதே. வாரியம் உதவித்தொகை தரும். நாளைக் காலை செயலியில் கணக்கை முடக்கினால் ஏன் என்று கேட்கும் உரிமையைத் தராது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொகுப்புகளில், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்தும் எண்ணிக்கை 20இலிருந்து 50 ஆகிவிட்டது. குறித்த கால வேலை முறையும் சட்டமாகிவிட்டது. அதில் ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்கிறார்கள். பணிக்கொடை வரும், அடுத்த ஆண்டு வேலை வரும் என்று உறுதி இல்லை.

ஒப்பந்தமா, சுதந்திரத் தொழிலா என்று நம் முன் வைக்கப்படும் கேள்வியே தவறு. ஒன்றில் முதலாளி நடுவாள் பின்னால் ஒளிந்துகொள்கிறார். மற்றொன்றில் முதலாளியே இல்லை என்கிறார். இரண்டிலும் கட்டு நம் மேல்தான்.

வளையமாதேவி

2023 ஜூலை 26 அன்று பக்கத்து வளையமாதேவியில் கதிர் வரும் பருவத்து நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டினார்கள். நாடு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது. உயர் நீதிமன்றம் வருந்தியது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று இழப்பீடு நிர்ணயம் ஆயிற்று. அதே ஜூலையில் சுரங்க வாசலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

இரண்டும் ஒரே கதை என்று யாரும் அன்று சொல்லவில்லை. அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு ஏக்கர் இல்லை, ஆகவே கணக்கிலும் இல்லை. அவள் மகன் சுரங்கத்தில் இருக்கிறான், பணியிடம் இல்லாததால் அவனும் கணக்கில் இல்லை. பட்டா இல்லாததும் பணியிடம் இல்லாததும் ஒரே வீட்டில்தான்.

என்ன செய்வது?

தொடக்கத்தில் சொன்ன முரணுக்கு வருகிறேன். இளையபெருமாள் எதிர்த்தது பிறப்பு தரும் நிரந்தரத்தை. நாம் கேட்பது உழைப்பு தரும் நிரந்தரத்தை. முந்தையது ஒருவரை உயரத்திலும் ஒருவரைப் பள்ளத்திலும் கட்டிப்போட்டது. பிந்தையது வேலை வாங்குபவரைப் பொறுப்பில் கட்டும், உழைப்பவருக்குப் போகவும் இருக்கவும் உரிமை தரும்.

அதற்குச் செய்யக்கூடியவை சில உண்டு. தொழிலாளியிடம் இருக்கும் ஒவ்வொரு தாளும் சாட்சி: கேட் பாஸ், கூலிச் சீட்டு, பி.எஃப். எண், ஷிப்ட் குறிப்பு. கான்ட்ராக்ட்காரர்கள் பெயர் மாறியிருக்கும், வேலையும் இடமும் மாறியிருக்காது. ஒப்பந்தம் போலி என்று மெய்ப்பிக்க நீதிமன்றம் கேட்பது இவற்றைத்தான். மாணவர்கள் விடுமுறையில் சேரிதோறும் போய் இவற்றைத் திரட்டித் தாருங்கள். அதுவும் வரலாற்று ஆய்வுதான். தொழிற்சங்கத் தோழர்கள் ஒவ்வொரு டெண்டருக்கும் எதிரே, எத்தனை பணியிடம் கரைந்தது, அதில் ஒதுக்கீடு எத்தனை என்று எழுதிக் கேளுங்கள். தலித் இயக்கத் தோழர்கள் அந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத்தின் பொறுப்பு என்று விட்டுவிடாதீர்கள். நிரந்தரம் பெற்ற நம் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி நம் பழைய தெருக்காரர். அவருடைய போராட்ட நாளில் நம் வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும்.

நாளைக் காலையும் அந்தத் தெருமுனையில் நால்வரும் நிற்பார்கள். உனக்கு வேலை கொடுக்கிறவர் யார் என்று இனி அவர்களிடம் கேட்க வேண்டாம். வேலை வாங்குகிறவர்களிடம் போய், இவருக்கு வேலை கொடுக்கிறவர் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வோம்.

ஜெய்பீம்.